சுயசவரம்

செப்டம்பர் 3, ஞாயிறு

கல்யாண அலைச்சலில் இந்த நோட்டைத் தொட்டே பல நாளாகிறது. மகள் அகல்யாவின் கல்யாணம் போன ஞாயிறு ஒரு குறையும் இல்லாமல் நடந்து முடிந்தது. மாப்பிள்ளை ஜெயகணேஷ் நல்ல பையன், அதிகம் பேசமாட்டார். சம்பந்தி வீட்டார் சிவகாசிப் பக்கம், பெரிய குடும்பம். பந்தல், மேளம், சாப்பாடு என்று எதிலும் ஒரு சொல் வரவில்லை. மண்டபத்து மேனேஜரே என்னிடம் வந்து, "இந்த ஆவணியில உங்க வீட்டுக் கல்யாணம்தான் சார் சாப்பாட்டுல டாப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை வனராசு கடைக்கு முகம் வழிக்கப் போனேன். ஞாயிறும் புதனும் அங்கேதான், இருபது வருடத்துக்கு மேலாக. மறுவீடு, கணக்கு முடிப்பது என்று அலைந்ததில் ஒரு வாரத் தாடி நரைத்து நீட்டிக்கொண்டிருந்தது. கடையில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் பார்த்தேன். எனக்கு முன்னால் வந்தவர் முடிந்து இறங்கியதும் நான் எழுந்தேன். வனராசு துண்டை உதறிவிட்டு, எனக்குப் பின்னால் வந்திருந்த லாரி டிரைவரைப் பார்த்து, "நீங்க வாங்கண்ணே" என்றான்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி உட்கார்ந்தேன். டிரைவர் முடிந்ததும் இன்னொருவரைக் கூப்பிட்டான். அப்புறம் இன்னொருவர். கடைசியில் பெஞ்சில் நான் மட்டும்தான். அவன் கத்தியைத் துடைத்து மடக்கி வைத்துவிட்டு, "சாப்பாட்டு நேரமாயிருச்சு சார். அடுத்த வாட்டி வாங்களேன்" என்றான். குரலில் கோபம் ஏதும் இல்லை. எப்போதும் போலத்தான் பேசினான்.

கல்யாணத்துக்கு வந்திருந்தான். கூட்டத்தில் அவனைச் சரியாகக் கவனிக்க முடியவில்லை. அதை மனதில் வைத்திருக்கிறானோ? அந்தச் சின்ன விஷயத்தையா?

செப்டம்பர் 5, செவ்வாய்

பள்ளியில் ஆசிரியர் தின விழா. மேடையில் உட்கார வேண்டியவன் இந்த முகத்தோடு போனேன். தலைமையாசிரியர் கைகொடுத்துவிட்டு, "என்ன பெருமாள்சாமி சார், வேண்டுதலா?" என்றார்.

"ஆமா சார். திருப்பதி" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

என் சங்கடம் அவருக்குத் தெரியாது. ஒழுங்குக் குழுவுக்கு நான்தான் பொறுப்பு. காலை வழிபாட்டில் காதுக்குக் கீழே முடி வளர்த்திருக்கிற பையன்களை வரிசையிலிருந்து வெளியே இழுத்து நிறுத்துகிறவன் நான். இன்று அந்த வேலையைச் செய்யவில்லை.

வழக்கம்போல என் பேச்சும் இருந்தது. வகுப்பறையில் ஏற்றத்தாழ்வு பார்க்கக் கூடாது என்பது பற்றி. நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

செப்டம்பர் 6, புதன்

பள்ளிக்கு முன்னால் கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றேன். வேறு ஆளே இல்லை. வனராசு சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டினான், கண்ணாடியைத் துடைத்தான், சீப்புகளைக் கழுவினான். "நீங்கதான் சார் அடுத்தது" என்றான். நாற்காலியை நோக்கிப் போனேன். அதற்குள் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். "அண்ணே, நீங்க வந்து உக்காருங்க. சார் இருப்பாக" என்றான்.

இருந்தேன். அவர் கட்டிங், ஷேவிங் எல்லாம் முடிக்கும்வரை இருந்தேன். பிறகு பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சலூனுக்குப் போனேன். அங்கே இருப்பவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். "சார் வனராசண்ணன் கடைக்குத்தான போவீக?"

"இன்னைக்கு இங்க வந்தேன்."

"ஷேவிங்குக்கு ஆளு வரல சார்" என்றான். அவன் கையிலேயே கத்தி இருந்தது.

வீட்டில் இரண்டு மூன்று பிளேடு வைத்த ரேஸர் ஒன்று கிடக்கிறது. அது எனக்கு ஆகாது. போட்டால் தாடை முழுக்கக் கொப்புளம் கிளம்பிவிடும். ஒற்றை பிளேடு மட்டும்தான் என்று தோல் டாக்டர் எப்போதோ சொல்லிவிட்டார். திரும்பி வருகிற வழியில் சலூன் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்து, பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டுகிற மடக்குக் கத்தி ஒன்று வாங்கினேன்.

"யாருக்கு சார்?" என்றார் கடைக்காரர்.

"தெரிஞ்சவர் ஒருத்தருக்கு."

"கடை போடுறாரா?"

"ஆமா."

ஒரே வாரத்தில் இரண்டு பொய். முப்பது வருடமாகக் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஒரு கத்தியைப் பிடிக்கத் தெரியாமலா போய்விடும்?

செப்டம்பர் 8, வெள்ளி

தெரியாமல்தான் போயிற்று.

குளியலறைக் கண்ணாடி முன்னால் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டு நின்றேன். கத்தியைத் திறந்து கன்னத்தருகே கொண்டு போனதும் கை நின்றுவிட்டது. பேனா மாதிரி பிடிப்பதா, கரண்டி மாதிரி பிடிப்பதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. வனராசு எப்படிப் பிடிப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவே வரவில்லை. அவன் வழிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன், பாதி நாள் தூங்கியும்விடுவேன். இத்தனை வருடமாக இன்னொருவன் என் கழுத்தில் கத்தி வைத்தபோது தூங்கியவன், கத்தி என் கைக்கு வந்ததும் நடுங்குகிறேன்.

கண்ணாடியில் கை எதிர்ப்பக்கம் போனது. காதோரம் வைத்துக் கீழே இழுத்தேன். முடி பிடுங்குகிற மாதிரி வலித்தது. அழுத்தினேன். நுரையில் சிவப்புக் கோடு ஒன்று விழுந்தது. அடுத்ததை மோவாயில் இழுத்தேன். அங்கே எலும்பு வளைகிற இடத்தில் தோல் கத்தியோடு வந்துவிட்டது.

"என்னங்க, உள்ள போயி எவ்வளவு நேரமாச்சு? சத்தத்தையே காணோம்" என்று விசாலாட்சி கதவைத் தட்டினாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். ரத்தம் வாஷ்பேசினில் சொட்டிக்கொண்டிருந்தது.

பாதி முகம் வழித்தும் பாதி வழிக்காமலும் பள்ளிக்குப் போக முடியாது. வயிற்று வலி என்று லீவு சொன்னேன். அது மூன்றாவது பொய்.

செப்டம்பர் 9, சனி

மீதிப் பாதியையும் முடித்தேன். படிகாரம் வைத்தால் உயிர் போகிறது.

செப்டம்பர் 11, திங்கள்

முகத்தில் பிளாஸ்திரியோடு வகுப்புக்குப் போனேன். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்னால் சிரிப்பு அடங்குகிற சத்தம். ஆசிரியர் அறையில் வரலாற்று வாத்தியார், "என்ன சார், திருப்பதி போகாமலே தாடிய எடுத்துட்டீக?" என்றார். உள்ளூர்ப் பெருமாள் கோயிலிலேயே முடித்துக்கொண்டேன் என்றேன். "அங்க எடுத்தவன் கத்தி சரியில்ல போலருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

வீட்டில் தொலைபேசியில் அகல்யா. கல்யாண போட்டோ வந்திருக்கிறதாம். "அப்பா, வனராசு மாமாவும் பேச்சியம்மா அத்தையும் ஒரு போட்டோவுலகூட இல்லயே. மேடைக்கு வரவே இல்லயா?"

"கூட்டத்துல விட்டிருக்கும்" என்றேன்.

விசாலாட்சி பக்கத்தில்தான் நின்றாள். அதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 13, புதன்

நடந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நான் ஏதோ பெரிய தப்பு செய்த மாதிரி ஆகிவிடும்.

முதல் பந்தி சம்பந்தி வீட்டாருக்கு. மாப்பிள்ளையின் பெரியப்பா அய்யாத்துரை அந்தக் குடும்பத்துக்குத் தலைவர் மாதிரி. அவர் பக்கத்தில் வனராசுவும் அவன் மனைவி பேச்சியம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் பரிமாற ஆரம்பித்திருந்தது. அய்யாத்துரை எழுந்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தெரியாதா? பெண்ணைக் கொடுக்கிற இடம். அன்றைக்கு ஒரு முகச்சுளிப்பு வந்தால் அது அகல்யாவின் தலையில்தான் விடியும். ஆகவே, இடம் பற்றாத காரணத்தால் அடுத்த பந்தியில் உட்காரும்படி வனராசுவிடம் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன். அவன் அடுத்த பந்திக்கு இருக்காமல் போய்விட்டான்.

நடந்தது இவ்வளவுதான்.

இதை விசாலாட்சியிடமும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எடம் பத்தலன்னா சொன்னீக?"

"ஆமா."

"அந்த வரிசையில கடைசில மூணு எலை சும்மா கெடந்துச்சு. நான் பாத்தேன்."

"நீ எங்க இருந்த?"

"அவுக பின்னாடியே வாசல் வரைக்கும் ஓடினேன். பேச்சியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீங்க போயி வந்தவுகளக் கவனிங்க மதினி'ன்னுட்டுப் போயிட்டா."

இதை இத்தனை நாளாக அவள் என்னிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்று ஒரு வெட்டுக்கூட இல்லாமல் இரண்டு கன்னத்தையும் வழித்துவிட்டேன்.

இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும். கத்தியைத் தட்டையாகவும் வைக்கக் கூடாது, நிமிர்த்தியும் வைக்கக் கூடாது. அழுத்தவே கூடாது. முடி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே போக வேண்டும். வெந்நீர்த் துண்டைக் கொஞ்ச நேரம் முகத்தில் போட்டுக்கொண்டால் பாதி வேலை குறைகிறது. மூக்குக்குக் கீழேயும் தொண்டைக்குழியிலும்தான் இன்னும் பயம். தொண்டைக்கு வரும்போது மூச்சை நிறுத்திக்கொள்கிறேன்.

முகத்தைக் கழுவித் தடவிப் பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. இனி யார் கடை வாசலிலும் போய் நிற்க வேண்டாம். விசாலாட்சியிடம் கன்னத்தைக் காட்டி, "எப்படி?" என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "அதுக்காக அந்த வழியாப் போறதயே விட்டுட்டீகளே. காய்கறிக்குச் சுத்திக்கிட்டுல்ல போறீக."

அப்படிச் சுற்றிப் போகிறேன் என்பதையே அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

செப்டம்பர் 18, திங்கள். விநாயகர் சதுர்த்தி

கொழுக்கட்டையைத் தூக்குச்சட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு விசாலாட்சி வனராசு வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. வந்த பிறகுதான் தெரியும்.

"உன்னை யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"வாங்க மதினின்னா. உக்காரச் சொன்னா. காப்பி குடுத்தா. சட்டியக் கழுவி, வெறுஞ்சட்டியாத் தரக்கூடாதுன்னு சீனி போட்டுக் குடுத்தா. அகல்யா எப்படி இருக்கான்னு கேட்டா. உங்களப் பத்தி ஒரு வார்த்த கேக்கல."

"அவன் இருந்தானா?"

"அவுக" என்று அழுத்திச் சொன்னாள். "அவுக இருந்தாக. நான் போனதும் சட்டையப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டாக."

அந்தச் சீனியை டப்பாவில் கொட்டிவிட்டாள். சாயங்காலக் காப்பி எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

மகளுக்கும் மருமகனுக்கும் விருந்து. சம்பந்தியும் அவர் மனைவியும் வந்தார்கள். கூடவே பெரியவர் அய்யாத்துரையும். காலையில் நேரம் எடுத்து வழித்தேன். முகத்தில் ஒரு கீறல் இல்லை. வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றபோது பழைய ஆளாக ஆகிவிட்ட மாதிரி இருந்தது.

சாப்பாட்டுக்கு இலை போட்டதும் அய்யாத்துரை உட்காரவில்லை. "இருங்க, ஒரு மாத்திர போட்டுக்கிடுதேன். சாப்பாட்டுக்கு முந்திப் போடணும்" என்று சட்டைப்பையைத் துழாவினார். "கல்யாணத்தன்னைக்கு இத கார்லயே விட்டுட்டேன். எலை முன்னாடி உக்காந்த பெறகு ஞாபகம் வந்து எந்திரிச்சு ஓடினேன் பாத்துக்கிடுங்க."

நான் பருப்புக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமா, அன்னைக்கு எம் பக்கத்துல ஒருத்தர் உக்காந்திருந்தாரே. வெள்ளச் சட்ட. வனராசுன்னு பேரு சொன்னாரு. எங்க ஊருப் பக்கம் மழையப் பத்தி விசாரிச்சாரு. நல்ல மனுசன். நான் மாத்திரயப் போட்டுட்டு வந்து பாத்தா அவரும் இல்ல, அவரு வீட்டம்மாவும் இல்ல. ரெண்டு எலையும் மூடிக் கெடந்துச்சு. சோறே வைக்கலயே, அதுக்குள்ள எங்க போனாரு?"

விசாலாட்சி கையில் தண்ணீர்ச் செம்போடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அகல்யா அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏதோ அவசரமாப் போகணும்னு சொன்னாரு" என்றேன்.

"பசியோட போயிட்டாரே" என்றார் அய்யாத்துரை. அப்புறம் சாப்பிட உட்கார்ந்தார்.

நான் பருப்பு ஊற்றினேன். அவர் இலையில் ஊற்றும்போது வெளியே சிந்திவிட்டது.

செப்டம்பர் 25, திங்கள்

சம்பந்தி வீட்டார் நேற்றே கிளம்பிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் இங்கே இருக்கிறார்கள்.

காலையில் பாதி முகம் வழித்திருந்தேன். குளியலறைக் கதவு திறந்தே இருந்தது. அகல்யா வாசலில் வந்து நின்றாள்.

"அப்பா, வனராசு மாமாவ எந்திரிக்கச் சொன்னது நீங்களா?"

"எடம் இல்லம்மா. அடுத்த பந்தியில..."

"அம்மா எல்லாம் சொன்னா."

நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் முகமும் கண்ணாடியில் தெரிந்தது. "அவரு வீட்டுக்குப் போயி வெத்தில பாக்கு வச்சுக் கூப்பிட்டது நானும் நீங்களும்தான. 'வனராசு, நீ குடும்பத்தோட வரணும்'னு சொன்னீகளே. அவரு உங்கள விட மூத்தவரு. நீங்க இன்னிக்கு வரைக்கும் வா, போன்னுதான் சொல்லுவீக. அவரு உங்கள சார்னுதான் சொல்லுவாரு. சின்னப் பிள்ளையில நான் அதைக் கேட்டப்பகூட, அதெல்லாம் பழக்கம்னு சொல்லிட்டீக."

"மாப்பிள்ள வீட்டுல ஏதாச்சும் நெனப்பாகளோன்னு உனக்காகத்தான்..."

"எம் பேரச் சொல்லாதீகப்பா" என்றாள். சத்தம் போடவில்லை. "நானும் இவுகளும் இப்ப மாமா வீட்டுக்குப் போறோம். நீங்க வர வேண்டாம்."

அவள் போன பிறகு மீதியை வழித்தேன். தாடைக்குக் கீழே ஆழமாக வெட்டிக்கொண்டேன். இத்தனை நாளில் அதுதான் பெரிய வெட்டு. காலாண்டுத் தேர்வு மேற்பார்வைக்குக் கழுத்தில் துணியை வைத்து ஒட்டிக்கொண்டு போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு அங்கேயே. "அயிரை மீன் கொழம்பு மாமா. அவுக விடவே இல்ல, உக்கார வச்சு அவுகளே பரிமாறினாக" என்று மருமகன் வெள்ளந்தியாகச் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது போலிருக்கிறது. இல்லை, தெரிந்தும் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. அகல்யா என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 26, செவ்வாய்

பதின்மூன்றாம் தேதி இங்கே எழுதியது பொய். என் நோட்டில், நானே எனக்கு எழுதிக்கொண்ட பொய்.

நான் சொன்னது இதுதான். அவர் காதருகே குனிந்து, "வனராசு, சம்பந்தி ஆளுக உக்காந்திருக்காக. நீ இங்கன உக்காந்தா நல்லா இருக்காது. எந்திரிச்சிரு" என்றேன். இடத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. அடுத்த பந்தி என்று சொன்னது கடைசியில்தான், அதுவும் அவர் எழுந்த பிறகு, பக்கத்திலிருந்தவர்கள் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாக.

அவர் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்திருந்தார். உப்பும் இனிப்பும் வடையும் வைத்திருந்தார்கள். என்னை நிமிர்ந்து பார்த்தார். அய்யாத்துரையின் காலி இடத்தைப் பார்த்தார். பேச்சியம்மாள் அதற்குள் எழுந்துவிட்டாள். பட்டுச்சேலைக் கொசுவம் பெஞ்சில் மாட்டி, அதை விடுவிக்க அவள் பட்ட பாடு இப்போதும் கண்ணில் நிற்கிறது. எதிர் வரிசையில் இருந்தவர்கள் சாப்பிடுகிற கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் இலையை மூடினார். மனைவியின் இலையையும் மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அந்த இலைகளை எடுக்கச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. ஒரு கிழவர் மாத்திரை எடுக்க எழுந்ததைப் பார்த்து நானாகவே செய்தேன். அவர் எழுந்த மாதிரி அன்றைக்கு யார் எழுந்திருந்தாலும் செய்திருப்பேன்.

செப்டம்பர் 28, வியாழன்

விடுமுறை. அய்யாத்துரைக்குப் போன் செய்தேன். அவரிடம் சொன்ன பொய் ஒன்று இன்னும் அப்படியே நிற்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

முடித்ததும், போன் கட்டாகிவிட்டதோ என்று, "அய்யா" என்றேன்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார். "அவரு என்ன தொழிலுன்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. கேட்டுத் தெரிஞ்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. பொய் சொல்லக் கூடாதுல்ல. நானும் பழைய ஆளுதான். ஆனா நான் ஒண்ணும் கேக்கலயே. நான் வாயத் தெறக்கிறதுக்கு முன்னாடியே எம் பேரால ஒரு மனுசன எந்திரிக்க வச்சிட்டீகளே."

"தப்புதாங்கய்யா."

"அந்த ஆளு இத்தன நாளும், 'அந்தச் சிவகாசிக் கெழவன் சொல்லித்தான் நம்மள எழுப்பியிருக்காக'ன்னு நெனச்சுக்கிட்டிருப்பாரு. எனக்கு அது சங்கடமா இருக்கு. நீங்க நேர்ல போயி, அது நான் இல்லன்னு சொல்லிருங்க. மத்தத நீங்க பாத்துக்கிடுங்க."

வைத்துவிட்டார். இனி இந்தச் சம்பந்தத்தில் என்னை என்ன கண்ணால் பார்ப்பாரோ தெரியாது. விசாலாட்சி அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து, எனக்குக் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 1, ஞாயிறு

காலையில் முகத்தை நன்றாக வழித்துக்கொண்டேன். சவரத்துக்காகத்தான் வந்தேன் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. பிறகு நேர் வழியாகவே நடந்து அவர் கடைக்குப் போனேன்.

கூட்டம் இருந்தது. பெஞ்சில் மூன்று நான்கு பேர், நாற்காலியில் நுரையோடு ஒருவர். நான் உட்காரவில்லை. வாசல்படியில் ஏறி நின்று, "வனராசு, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன். 'உங்ககிட்ட' என்ற சொல் என் வாயில் முரடாக வந்தது. பெஞ்சிலிருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"கழுத்துல கத்தி வச்சிருக்கேன் சார். இவரு முடியட்டும்" என்றார்.

நின்றேன். அவசரப்படாமல் வழித்தார். துண்டால் ஒற்றினார், படிகாரம் தடவினார், பவுடர் போட்டார். அவரை அனுப்பிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிடாமல் என் பக்கம் திரும்பினார்.

"இங்கனயே சொல்றீகளா, வெளிய வரணுமா?"

"இங்கயே சொல்றேன்." "அன்னைக்குப் பந்தியில உங்கள எந்திரிக்கச் சொன்னது நான்தான். மாப்பிள்ளையோட பெரியப்பா சொல்லல. அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அவரு முகத்தப் பாத்து நானா நெனச்சுக்கிட்டேன். அவரு மாத்திர எடுக்கத்தான் எந்திரிச்சாரு. யாரும் சொல்லாம நானேதான் செஞ்சேன்."

கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் சார்" என்றார். "மாத்திரயக் கார்ல விட்டுட்டேன், எலயப் பாத்துக்கிடுங்க, இந்தா வந்துடுதேன்னு எங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாரு. அந்தப் பக்கம் அவரு போறாரு, இந்தப் பக்கம் நீங்க வாரீக. தண்ணி ஏதும் வேணுமான்னு கேக்கத்தான் வாரீகன்னு நெனச்சேன்."

இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டே, அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என்னைப் பெஞ்சில் உட்கார வைத்திருந்திருக்கிறார்.

"கோவமா இருக்கீகளா?" என்றேன். பள்ளிப் பையன் கேட்கிற மாதிரிதான் இருந்தது.

"மொத பத்துப் பதினஞ்சு நாளு இருந்துச்சு. கடையில உங்கள உக்கார வச்சது அதுலதான். உங்களுக்கும் கொஞ்சம் தெரியட்டும்னு. அப்புறம் அதுவும் எனக்கே நல்லா இல்ல." தூரிகையை எடுத்துக் குழாயடியில் கழுவ ஆரம்பித்தார். என்னைப் பார்க்காமலே பேசினார். "கோவம் இல்ல சார், எனக்கு வெக்கம். நான் உக்காந்திருக்கணும். 'எந்திரிக்க முடியாது, நீங்க கூப்பிட்டீக, வந்திருக்கேன், சாப்பிட்டுட்டுத்தான் போவேன்'னு சொல்லியிருக்கணும். எம் பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருக்கா. ஆனா நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் காலு எந்திரிச்சு நிக்குது. நான் எந்திரிக்கணும்னு நெனைக்கக்கூட இல்ல. அது பாட்டுக்கு எந்திரிச்சிருச்சு. வீட்டுக்குப் போயி அவ மொகத்தப் பாக்க முடியல."

பெஞ்சில் இருந்தவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தூரிகையை உதறி வைத்தார். "வேற என்ன சார்?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. தேரடி தாண்டி வந்த பிறகுதான், மன்னிப்புக் கேட்கப் போனவன் அந்த வார்த்தையைச் சொல்லாமலே திரும்பிவிட்டது புத்திக்கு எட்டியது. இப்படியே வீட்டுக்குப் போய்விடலாம், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன்.

அதற்குள் வேறு ஒருவர் நாற்காலியில் இருந்தார். நான் படியேறியதும் வனராசு கத்தியை அவர் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்பதுதான் இந்த ஒரு மாதத்தில் நான் செய்த கஷ்டமான காரியம்.

"சரி சார்" என்றார். குனிந்து அந்த ஆளின் கன்னத்தை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

வீட்டில் விசாலாட்சி, "என்ன சொன்னாக?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். கால் தானாக எழுந்துவிட்டது என்ற இடத்தை இரண்டு தடவை சொன்னேன். அவள் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. சொல்லாததே நல்லது என்று நினைத்தேன்.